‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறார்கள், பார்சல் வரவில்லை: பணத்தைத் திரும்பப் பெற்ற வழி

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது என் பவர் மெஷினின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. திருச்சி உறையூரில் வீட்டு மாடியிலேயே தையல் தைக்கிறேன். அந்த ஐந்து வாரம்தான் எனக்கு வருடத்தின் பாதிச் சம்பாத்தியம். சத்தமில்லாமல் ஓடும், கரன்ட்டும் குறைவாக இழுக்கும் என்று சொன்னதால் ஒரு செர்வோ மோட்டாரை ஆன்லைனில் பார்த்து, ரூ.6,480 கட்டி ஆர்டர் போட்டேன். நான்காம் நாள் மதியம் 2.17-க்கு செல்போனில் செய்தி வந்தது. பார்சல் டெலிவரி ஆகிவிட்டது, பெற்றுக்கொண்டவர் வாட்ச்மேன்.

எங்கள் கட்டடத்தில் வாட்ச்மேன் கிடையாது. மூன்று வீடு, ஒரு மாடிப்படி, கீழே ஒரு மளிகைக் கடை. அவ்வளவுதான்.

அந்தப் பணம் என் கணக்குக்குத் திரும்பி வர 26 நாள் ஆனது. அதற்குள் நான் செய்த தவறுகளும் சரியாகச் செய்தவையும் நிறைய. அப்புறம் என் தம்பிக்கும், மேல்வீட்டு அக்காவுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் வந்தபோது கூடவே இருந்து பார்த்தேன். மூன்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆறாயிரம் ரூபாய் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். விட வேண்டியதில்லை.

முதல் ஒரு மணி நேரம்

செய்தி வந்ததும் கீழே ஓடி அண்ணாச்சிக் கடையில் கேட்டேன். எதிர்வீட்டிலும் கேட்டேன். யாரும் வாங்கவில்லை. டெலிவரி செய்த தம்பியின் எண் செயலியில் இருந்தது. கூப்பிட்டேன். “அக்கா, இன்னைக்கு அந்த லைன் நான் போகல, வேற ஆளு” என்றார். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பார்சல் காணாமல் போனால் தன் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். சில பேர் பயத்தில், “நானே காசு குடுத்துடறேன், கம்ப்ளைன்ட் வேண்டாம்” என்று சொல்வதும் உண்டு. அந்தக் காசை வாங்காதீர்கள். பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் கடமை நிறுவனத்துடையது, வெயிலில் அலைகிற அந்தப் பையனுடையது இல்லை. வாங்கிவிட்டால் உங்கள் புகாரும் அங்கேயே செத்துவிடும்.

அடுத்து ஸ்கிரீன்ஷாட். ஆர்டர் பக்கம், ‘டெலிவர்டு’ என்று காட்டும் பக்கம், வந்த எஸ்.எம்.எஸ்., பார்சல் எங்கெங்கே போனது என்று காட்டும் டிராக்கிங் பக்கம் முழுவதும். பல நிறுவனங்களில் இந்த விவரங்கள் கொஞ்ச நாளில் செயலியிலிருந்து மறைந்துவிடும். ‘எனக்குப் பொருள் வரவில்லை’ என்று அழுத்தும் பொத்தானும் சில நாட்களுக்குத்தான் இருக்கும். ஆகவே அன்றைக்கே அழுத்திப் புகாரைப் பதிவு செய்துவிட வேண்டும்.

தெருவில் எந்தக் கேமரா உங்கள் வாசலைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். அண்ணாச்சிக் கடைக் கேமரா எங்கள் மாடிப்படியின் வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. பழைய பதிவு அதில் ஒரு வாரத்தில் அழிந்துவிடும் என்றார். அன்று இரவே அவர் உட்கார்ந்து மதியம் 1.45 முதல் 2.45 வரை ஓட்டிக் காட்டினார். டெலிவரி வண்டி எதுவும் எங்கள் வாசலில் நிற்கவே இல்லை. திரையில் ஓடும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி அதை என் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். பிறகு எல்லாம் திரும்பியது இந்த ஒரு வீடியோவால்தான்.

நான் சொன்ன தவறான வார்த்தை

கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டபோது பதற்றத்தில், “பார்சலை யாரோ எடுத்துட்டாங்க போலிருக்கு” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அதை அப்படியே பதிவு செய்துகொண்டு, டெலிவரிக்குப் பிறகு திருட்டு நடந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள் என்று முடித்துவிட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது. டெலிவரி உறுதி செய்யப்பட்டதாம், புகாரை மூடுகிறார்களாம்.

அப்போதுதான் புரிந்தது. ‘திருடு போய்விட்டது’ என்றால் பொருள் என் கைக்கோ என் வாசலுக்கோ வந்ததை நானே ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம். நடந்தது அதுவல்ல. பொருள் என்னிடம் வந்து சேரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் உங்கள் பணம்.

ஆகவே உங்களுக்கு நடந்தது எது என்று முதலில் நிதானமாக யோசித்துவிட்டு வாயைத் திறங்கள். பொருள் வரவே இல்லை என்றால் ‘எனக்கு வந்து சேரவில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமலே வாட்ச்மேனிடமோ, பக்கத்து வீட்டிலோ, பெட்டிக் கடையிலோ கொடுத்துவிட்டுப் போயிருந்தால், ‘நான் அனுமதிக்காத ஆளிடம் கொடுக்கப்பட்டது’ என்று சொல்லுங்கள். அதுவும் உங்களிடம் சேர்த்ததாகாது. பெட்டி வந்தது, உள்ளே பொருள் இல்லை என்றால் அது வேறு வகைப் புகார், அதைத் தம்பி கதையில் சொல்கிறேன்.

நான்காவதாக ஒன்று உண்டு. மேல்வீட்டு அக்கா ஊருக்குப் போகும் அவசரத்தில் செயலியில் ‘வாசலிலேயே வைத்துவிடவும்’ என்று குறிப்புப் போட்டுவிட்டார். அவர்கள் வைத்துவிட்டுப் போட்டோவும் எடுத்து அனுப்பினார்கள். சாயங்காலம் பெட்டி இல்லை. இந்த இடத்தில் நம் பக்கம் பலவீனம்தான். நாமே கேட்டுக்கொண்டபடி அவர்கள் செய்துவிட்டார்கள். அக்காவுக்குப் பணம் வரவில்லை. பொய் சொல்லி வாங்கலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள், அக்கா மறுத்துவிட்டார். அது சரிதான். அந்தப் போட்டோ ஒன்று போதும், பொய் வெளிப்பட்டுவிடும். இந்த மாதிரித் திருட்டுக்குப் போக வேண்டிய இடம் காவல் நிலையம். மனுவைக் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் நமக்கு இருப்பது

நம் கையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 23 அன்று ஆன்லைன் வணிகத்துக்கென்று தனி விதிகளே வந்தன. ஆன்லைனில் வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் 2(7) பிரிவிலேயே விளக்கமாகச் சொல்லியிருக்கிறது.

அந்தப் பிரிவில் என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஒரு வரி இருக்கிறது. வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் தானே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்த வியாபாரக் கணக்கில் சேராது. தையல் மெஷின் மோட்டார், ஆட்டோ ஓட்டுகிறவர் வாங்கும் பேட்டரி, இட்லிக் கடைக்காரம்மா வாங்கும் கிரைண்டர் எல்லாம் இதில் அடங்கும். ‘நீங்கள் தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஒன்று மட்டும் கவனம். ஜி.எஸ்.டி. எண் போட்டு, தொழில் கணக்கில் வாங்கினால் இந்த வாதத்தை அவர்கள் இன்னும் பலமாக எழுப்புவார்கள்.

விதிகளில் நான் பயன்படுத்திக்கொண்டவை இவை. ஒவ்வொரு ஆன்லைன் நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரத்தைத் தளத்தில் போட வேண்டும். புகார் போன 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாக அவர் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனையாளர்களுக்கு இடம் கொடுக்கும் தளமாக இருந்தால், உங்களுக்கு விற்றவரின் முகவரியைக் காட்ட வேண்டும், புகாருக்கு எண் தர வேண்டும். சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்றுகூட விதி இருக்கிறது. பிந்தி வந்ததற்கே அப்படி என்றால், வராததற்குச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சட்டத்தின் 2(11) பிரிவு. சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று அது சொல்கிறது. அலட்சியத்தால் நுகர்வோருக்கு நஷ்டம் ஏற்படுத்துவது அதில் வரும். நுகர்வோருக்குத் தர வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் வரும். யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டும் சொல்லாமல் இருப்பதே ஒரு குறைபாடு! இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கடிதத்தின் தொனியே மாறிவிட்டது. ‘தயவுசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று கெஞ்சவில்லை. ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன்.

நான் எழுதிய கடிதம்

கஸ்டமர் கேர் அரட்டைப் பெட்டியில் மணிக்கணக்காகத் தட்டிக்கொண்டிருப்பதில் பலன் குறைவு. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான்காம் நாள் குறைதீர் அலுவலருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் முகவரி தளத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருந்தது. மகள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தாள், விஷயம் என்னுடையது. அதைத் தமிழில் தருகிறேன்.

“ஆர்டர் எண் இது, தொகை ரூ.6,480, பணம் செலுத்திய நாள் இது. இந்தப் பொருள் எனக்கு வந்து சேரவில்லை. இந்தத் தேதி மதியம் 2.17-க்கு வாட்ச்மேனிடம் கொடுத்ததாக உங்கள் பதிவு சொல்கிறது. என் கட்டடத்தில் வாட்ச்மேன் கிடையாது. வேறு யாரிடமும் கொடுக்க நான் அனுமதிக்கவில்லை. அந்த நேரத்தில் வாசலில் எந்த டெலிவரியும் நடக்கவில்லை என்பதற்குக் கேமரா பதிவு என்னிடம் இருக்கிறது. நான் முதலில் தொலைபேசியில் ‘எடுத்துவிட்டார்கள்’ என்று சொன்னது ஊகம்தான், பொருள் வந்ததாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. கீழ்க்கண்டவற்றை ஏழு நாளுக்குள் தாருங்கள். பெற்றுக்கொண்டவரின் பெயர், கையெழுத்து அல்லது ஓடிபி பதிவு, டெலிவரி நேரத்தில் எடுத்த போட்டோ, அந்த நேரத்தில் டெலிவரி செய்தவரின் கருவி காட்டிய இருப்பிடம். தர இயலாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்வேன்.”

திட்டு ஒன்றும் இல்லை, பெருமூச்சும் இல்லை. தேதி, நேரம், தொகை, கேட்பது என்ன, எத்தனை நாளில், இல்லாவிட்டால் என்ன செய்வேன். அவ்வளவு போதும். எந்த எழுத்தும் வீண் போகாது என்ற எண்ணத்தோடு எழுதுங்கள், ஏனென்றால் நாளைக்கு ஆணையத்தில் வாசிக்கப்போவது இதைத்தான்.

மறுநாளே பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் ‘டெலிவரி முறையாக நடந்துள்ளது’ என்று ஒரே வரி. நான் கேட்ட நான்கில் ஒன்றுகூடத் தரவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. தெப்பக்குளம் பக்கம் ஒரு கடையில் பழைய கிளட்ச் மோட்டார் வாங்கிப் போட்டு, கடகடவென்ற சத்தத்தில் ரவிக்கைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்த ஒரே வரிப் பதில் எனக்கு நல்லதுதான் செய்தது. அவர்களிடம் ஆதாரம் இல்லை என்று அதுவே காட்டிவிட்டது.

1915

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. கட்டணம் கிடையாது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம், தேசிய விடுமுறை நாட்களில் மட்டும் இல்லை. தமிழில் பேசலாம். வாட்ஸ்அப்பில் எழுத 8800001915. அரசின் உமங் செயலியிலும் பதிவு செய்யலாம். நான் போன் செய்து பதிந்தேன், ஸ்கிரீன்ஷாட்களையும் கடிதத்தையும் அவர்கள் தளத்தில் ஏற்றினேன். புகாருக்கு ஒரு எண் தருவார்கள், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

இவர்களுக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது. வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி இது. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனாலும் அரசு வழியாகப் போகும் புகாரை நிறுவனத்தில் கஸ்டமர் கேர் ஆள் பார்ப்பதில்லை, அதற்கென்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வந்த தொலைபேசி அழைப்பின் மரியாதையிலேயே வித்தியாசம் தெரிந்தது. கேமரா வீடியோவை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். கொரியர் நிறுவனத்திடம் விசாரித்ததில் டெலிவரிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். 26-ஆம் நாள் ரூ.6,480 வந்தது.

முதலில் பணத்தை அவர்கள் செயலியின் வாலட்டில் போடுவதாகச் சொன்னார்கள். நான் மறுத்தேன். பணம் வங்கியிலிருந்து போனது, வங்கிக்கே வரட்டும் என்றேன். நீங்களும் அதையே கேளுங்கள்.

கார்டில் கட்டியிருந்தால்

கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ கட்டியிருந்தால் வங்கியிடமும் ஒரு வழி இருக்கிறது. ‘பொருள் வந்து சேரவில்லை’ என்ற காரணத்தோடு டிஸ்ப்யூட் எழுப்பலாம். வங்கி அந்தத் தொகையை வணிகரிடமிருந்து திரும்ப இழுக்கும் முறை அது. இதற்குக் காலக்கெடு உண்டு, ஆகவே நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காமல் முதல் மறுப்பு வந்ததுமே வங்கியில் கேட்டுவிடுங்கள். நிறுவனம் டெலிவரி ஆதாரம் காட்டினால் வங்கி கொடுத்த பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் ஆதாரமும் அங்கே போய்ச் சேர வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ தட்டிக் கழித்தாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவரிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. யு.பி.ஐ.-யில் கட்டிய பணத்தை இப்படி இழுப்பது கடினம், என் பணம் அப்படிப் போனதால்தான் நான் கடித வழியிலேயே நின்றேன்.

இ.எம்.ஐ.-யில் வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். அபராதமும் சிபில் மதிப்பெண் குறைவதும் உங்கள் தலையில்தான் விழும். தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள், கட்டிய வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்களைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், இந்த ஓடிபி-யைச் சொல்லுங்கள்’ என்று ஆரம்பித்து, தொலைந்ததைவிடப் பெரிய தொகையை உருவிவிடுவார்கள். எண்ணை நிறுவனத்தின் செயலிக்குள்ளிருந்து மட்டும் எடுங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

தம்பியின் சோப்புக் கட்டியும் ஆணையமும்

புதுக்கோட்டையில் இருக்கும் என் தம்பி ரூ.18,999-க்கு ஒரு செல்போன் வாங்கினான். பெட்டிக்குள் துணி சோப்பு இரண்டு இருந்தது. அவன் நல்லவேளையாகப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தான். ஒட்டியிருந்த டேப், முகவரி லேபிள், பெட்டியின் ஆறு பக்கம், பிறகு கத்தி வைத்தது, எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருந்தது. விலை உயர்ந்த எந்தப் பொருளுக்கும் இப்படிச் செய்யுங்கள். டெலிவரி ஆள் நிற்கும்போதே பிரித்துக் காட்டும் வசதி இருந்தால் அதைக் கட்டாயம் கேளுங்கள். பெட்டியைக் கண்ணால் பார்க்கும் முன் ஓடிபி சொல்லாதீர்கள், அந்த எண்தான் அவர்களுக்கு உங்கள் கையெழுத்து.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேபிளில் பார்சலின் எடை அச்சாகியிருக்கும். தம்பியின் லேபிளில் 0.46 கிலோ. சோப்போடு அதே பெட்டியைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்து வீடியோ எடுத்தான், 270 கிராம். அனுப்பும்போது ஒரு எடை, கைக்கு வரும்போது வேறு எடை. வழியில் மாற்றப்பட்டது என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு கிடங்கிலும் பதிவான எடையைத் தாருங்கள் என்று அவன் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

1915-லும் தீரவில்லை. ஆகவே கன்ஸ்யூமர் கோர்ட், அதாவது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலோ வேலை செய்யும் மாவட்டத்திலோ போடலாம். ‘வழக்கெல்லாம் பெங்களூரு நீதிமன்றத்தில்தான்’ என்று நிறுவனத்தின் நிபந்தனைப் பக்கத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து விலகியவர்கள் எத்தனை பேரோ! உங்கள் ஊரில் வழக்குப் போடும் உரிமையைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வக்கீல் கட்டாயம் இல்லை. தம்பி தானே செய்தான். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளம் இருக்கிறது. செல்போன் எண்ணைக் கொண்டு கணக்குத் தொடங்கிப் புகாரை அதிலேயே தாக்கல் செய்யலாம். நடந்ததைத் தேதிவாரியாக எண்ணிட்ட பத்திகளில் எழுதினான். கூடவே ரசீது, பணம் கட்டிய ஆதாரம், ஸ்கிரீன்ஷாட்கள், மின்னஞ்சல்கள், 1915 புகார் எண், ஆதார் நகல், சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கூறும் ஒரு அபிடவிட். ஸ்கிரீன்ஷாட், வீடியோவுக்கெல்லாம் அவை எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டன என்று சொல்லும் சான்றையும் சேர்த்தான். அந்தச் சான்றைக் கேட்பது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மாதிரி அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.

எதிர்தரப்பாக மூன்று பேரையும் சேருங்கள், தளம், விற்பனையாளர், கொரியர். ஒருவரை விட்டாலும் மற்றவர் பழியை அந்த இல்லாத ஆள் மேல் போடுவார். ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று தளம் சொல்லும். பணத்தை வாங்கியது நீ, டெலிவரி ஆனதாகச் செய்தி அனுப்பியது நீ என்று நேராகக் கேளுங்கள். என்ன வேண்டும் என்பதையும் நியாயமாகக் கேளுங்கள். பொருளின் விலை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை. பத்தொன்பதாயிரம் ரூபாய் போனுக்குப் பத்து லட்சம் கேட்டால் உங்கள் நியாயமே கொஞ்சம் சிறுத்துவிடும். தம்பி விலையோடு ரூ.10,000 சேர்த்துக் கேட்டான்.

புகாரை ஏற்பதா என்று சாதாரணமாக 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். நோட்டீஸ் கிடைத்த எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் நினைத்தால் இன்னும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் காணொளி வழியாக ஆஜராக மனுச் செய்யலாம்.

தம்பிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும், முதல் வாய்தாவுக்கு ஆறு நாள் முன்னால் நிறுவனத்தின் வக்கீல் கூப்பிட்டார். முழு விலையும், மேலே ரூ.3,000-மும் தருகிறோம் என்றார். பணம் வங்கிக்கு வந்த பிறகே வாபஸ் என்று அவன் உறுதியாகச் சொன்னான். வந்தது. சமரசம் ஆனதை ஆணையத்தில் எழுத்தில் கொடுத்து முடித்தான். பணம் வரும் முன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த ஆர்டருக்கு முன்

இப்போது ஆன்லைனில் ஏதாவது வாங்கினால் முகவரியின் கடைசி வரியில் இதை எழுதுகிறேன். “வாட்ச்மேன் இல்லை. முதல் மாடிக்கு வரவும். பக்கத்து வீட்டிலோ கடையிலோ கொடுக்க வேண்டாம்.” அந்த வரி ரசீதிலும் லேபிளிலும் அச்சாகி வருகிறது. போன வாரம் நூல் கண்டுகளைக் கொண்டுவந்த டெலிவரித் தம்பி மாடி ஏறி வந்து, லேபிளைக் காட்டி, “நீங்கதானே அக்கா, எழுதினது?” என்று கேட்டுவிட்டு என் கையில் கொடுத்தார்.